கம்பியின் இரு முனைகள்: சிலிக்கான் நானோகம்பி டிரான்சிஸ்டரில் எலக்ட்ரான் ஓட்டத்தைக் கணிப்பது

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக நிகழ்த்தப்பட்டு அச்சுக்காகச் செப்பம் செய்யப்பட்ட வடிவம். திரையில் படம் காட்டி விளக்கிய பகுதிகள் சொற்களாக மாற்றப்பட்டுள்ளன. அரங்கில் நிகழ்ந்த இடைப்பேச்சுகள் குறைக்கப்பட்டுள்ளன.)



அழைப்பிதழில் என் தலைப்பைப் பார்த்துவிட்டும் இத்தனை பேர் வந்திருப்பது எனக்கு வியப்புதான். ஒரு மணி நேரம் ஒரே ஒரு கம்பியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிலிக்கானால் ஆன கம்பி. தடிமன் மூன்று நானோமீட்டர். அதன் நடுவில் பத்து நானோமீட்டர் நீளத்துக்கு ஓர் உலோக உறை சுற்றியிருக்கிறது. அந்த உறைதான் கேட். கேட்டுக்கு இப்பக்கம் பத்து, அப்பக்கம் பத்து என்று கம்பி நீள்கிறது. மொத்தம் முப்பது நானோமீட்டர். இந்தப் பேச்சு முழுவதும் இதே கம்பிதான் நமக்கு எடுத்துக்காட்டு. அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பிக்குள் எலக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்று கணிக்கத்தான் இந்தத் துறை புறப்பட்டது. கணிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி கம்பியின் உடலில் இல்லை, முனைகளில் இருக்கிறது என்று அது மெல்ல மெல்லக் கண்டுகொண்டது. மின்தடையின் அடிப்படைப் பங்கு முனைகளில். வெப்பம் வெளிப்படுவது முனையில். கணிதத்தில் புதுமை தேவைப்பட்டதும் முனைகளைச் சமாளிக்கத்தான். இதை எட்டுக் கூறுகளாகச் சொல்கிறேன். எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது.

1. கம்பி ஏன் வந்தது

டிரான்சிஸ்டரில் எலக்ட்ரான் புறப்படும் இடம் சோர்ஸ், போய்ச் சேரும் இடம் டிரெயின். இடையில் உள்ள சேனலில் அது போகலாமா கூடாதா என்று தீர்மானிப்பது கேட். பெல் ஆய்வகத்தில் அட்டல்லாவும் காங்கும் 1960-ஐ ஒட்டி உருவாக்கிய மாஸ் டிரான்சிஸ்டரில் கேட் மேற்புறத்தில் மட்டும் இருந்தது. சேனல் நீளமாக இருந்தவரை அது போதுமானது. நீளம் குறையக் குறைய டிரெயினின் மின்புலமும் சேனலை ஆளத் தொடங்கியது. கேட் மூடச் சொன்னாலும் மின்னோட்டம் கசிந்தது.

இங்கே ஓர் எண்ணைக் கவனியுங்கள். அறை வெப்பநிலையில் மின்னோட்டத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க, கேட் மின்னழுத்தத்தை மிகக் குறைந்தது 60 மில்லிவோல்ட் இறக்க வேண்டும். சோர்ஸில் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவியிருக்கும் விதம் விதித்த எல்லை இது. நல்ல டிரான்சிஸ்டர் இந்த 60-ஐ நெருங்கும், கேட்டின் பிடி தளர்ந்தது 100-க்குப் போய்விடும். 300 மில்லிவோல்ட் இறக்கினால் முன்னதில் மின்னோட்டம் லட்சத்தில் ஒரு பங்காகும். பின்னதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் சும்மா இருக்கும்போதே நூறு மடங்கு அதிகம் கசிந்தால் உங்கள் கைப்பேசி மின்கலம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கேட் பக்கவாட்டிலும் இறங்கியது. பெர்க்லியில் சென்மிங் ஹூ குழுவினர் 1999-இல் காட்டிய ஃபின் வடிவத்தை இன்டெல் 2011-இல் தன் 22 நானோமீட்டர் தலைமுறைக்கு அறிவித்தது. அடுத்த படி கேட்டை நாற்புறமும் சுற்றுவது. சாம்சங் ஆய்வாளர்கள் 2005-இல் பத்து நானோமீட்டர் விட்டமுள்ள இரட்டைக் கம்பியைக் காட்டினார்கள். சிங்கப்பூரின் நுண்மின்னணுவியல் நிறுவனத்தில் 2006-இல் ஐந்து நானோமீட்டருக்குள் இறங்கினார்கள். 2022 ஜூனில் சாம்சங் இந்த வகையை உற்பத்திக்கே கொண்டுவந்தது. அதில் கம்பியைத் தட்டையாக்கித் தகடுகளாக அடுக்கியிருந்தார்கள். அந்தத் தலைமுறையை ‘3 நானோமீட்டர்’ என்கிறார்கள். அதன் கேட் நீளம் மூன்று நானோமீட்டர் என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். அது விற்பனைப் பெயர். கேட் இன்னும் பத்துக்கு மேல்தான் இருக்கிறது.

2. பழைய கணக்கு எங்கே நின்றது

1950-இல் வான் ரூஸ்ப்ரூக் எழுதிய சமன்பாடுகள்தான் டிரான்சிஸ்டர் கணிப்பின் அடித்தளம். மின்புலம் எலக்ட்ரான்களை இழுக்கும், அடர்த்தி வேறுபாடு அவற்றை விரவச் செய்யும். இரண்டையும் இயக்க எண் என்ற ஒற்றை அளவு ஆளும். 1969-இல் ஷார்ஃபெட்டரும் கும்மலும் இதைக் கணினியில் நிலையாகத் தீர்க்க வழி சொன்னார்கள். இன்றும் தொழிற்சாலைகளில் அன்றாடம் ஓடும் சிமுலேஷன் மென்பொருள்களின் உள்ளே அந்த வழி இருக்கிறது. அதைக் குறைத்துப் பேசும் ஆள் நான் இல்லை.

ஆனால் நம் கம்பியை எண்ணிப் பாருங்கள். சிலிக்கானில் ஒரு கன நானோமீட்டருக்கு 50 அணுக்கள். கேட்டுக்கு அடியில் உள்ள பகுதி ஏறத்தாழ 70 கன நானோமீட்டர். ஆக 3,500 அணுக்கள். கேட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு நானோமீட்டர் சிலிக்கான் ஆக்சைடு இருப்பதாகக் கொண்டு மின்தேக்கியாகக் கணக்கிட்டால், டிரான்சிஸ்டர் நன்றாகத் திறந்திருக்கும் நிலையில் உள்ளே இருப்பவை சுமார் பத்து எலக்ட்ரான்கள். நுணுகிப் பார்த்தால் அதிலும் சில குறையும். அறை வெப்பநிலையில் சிலிக்கானில் எலக்ட்ரானின் அலைநீளம் எட்டு முதல் பத்து நானோமீட்டர். கம்பியின் தடிமனைப் போல மூன்று மடங்கு. இந்த எலக்ட்ரான் பத்து நானோமீட்டரை ஒரு பைக்கோசெகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். வழியில் ஒருமுறை மோதலாம், மோதாமலும் போகலாம்.

இயக்க எண் என்பது பல மோதல்களின் சராசரி. மோதலே இல்லாத இடத்தில் எதற்குச் சராசரி எடுப்பது? குட்டையான டிரான்சிஸ்டர்களை அளந்து, பழைய வாய்பாட்டில் போட்டு, நீளம் குறையக் குறைய இயக்க எண்ணும் குறைகிறது என்று கட்டுரை எழுதியவர்கள் உண்டு. முனைகளின் தடையைச் சேனலின் தலையில் ஏற்றியதால் கிடைத்த எண் அது. 2002-இல் மைக்கேல் ஷூர் இதை விளக்கிய பிறகும் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுகளில், ‘உங்கள் நானோகம்பியின் இயக்க எண் என்ன?’ என்ற கேள்வி நிற்கவில்லை.

3. மோதலே இல்லாவிட்டாலும் 12,906 ஓம்

இந்தப் பேச்சின் நடுநாயகம் இந்தக் கூறு. சற்று நின்று பார்ப்போம்.

ஐபிஎம்மில் பணியாற்றிய ரால்ஃப் லாண்டவர் 1957-இல் ஒரு கட்டுரை எழுதினார். கடத்தும் திறனை, எலக்ட்ரான் அலை ஒரு பொருளைக் கடந்து செல்லும் வாய்ப்பாகப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். 1970-இல் அதை விரித்தார். அவருடைய தொடக்க வாய்பாட்டின்படி, அலை முழுவதுமாகக் கடந்துவிட்டால் மின்தடை சுழி. பார்வைக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் வேறு சிலர் சற்றே மாறுபட்ட வாய்பாட்டைப் பெற்றார்கள். அதில் முழுவதுமாகக் கடந்தாலும் ஒரு தடை மிச்சமிருந்தது. பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்ட வர்க்கத்தின் இருமடங்கால் வகுத்தால் வருவது: 12,906 ஓம். சிலிக்கானின் குணம் எதுவும் அதில் இல்லை. கம்பியின் நீளமும் இல்லை.

எது சரி என்று சில ஆண்டுகள் வாதம் நடந்தது. யோசஃப் இம்ரி, மார்க்கஸ் பியூட்டிகர் ஆகியோரின் விளக்கம் தெளிவைத் தந்தது. இரண்டும் சரி, கேள்விகள்தாம் வேறு. மின்னழுத்தத்தைக் கம்பியின் உடலிலேயே தொட்டு அளந்தால் தடை சுழி. கம்பியை இரு பெரிய உலோகக் குளங்களுக்கிடையே மாட்டி, குளத்துக்குக் குளம் அளந்தால் 12,906 ஓம். அந்தத் தடை குளமும் கம்பியும் சேரும் இடத்தில் இருக்கிறது. 1988-இல் நெதர்லாந்தில் வான் வீஸ் குழுவினரும் கேம்பிரிட்ஜில் வாரம் குழுவினரும் காலியம் ஆர்சனைடில், ஒரு கெல்வினுக்கும் குறைந்த வெப்பநிலையில் அளந்து காட்டினார்கள். வழியை அகலமாக்க அகலமாக்க மின்கடத்து எண் படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு படியும் ஒரே உயரம்.

வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் பிராகாரம் நிறையக் கூட்டம் நிற்கும். சொர்க்கவாசலைக் கடந்தவருக்கு உள்ளே நெரிசல் இல்லை. நெரிசல் முழுவதும், அகன்ற பிராகாரம் குறுகிய வாசலைச் சந்திக்கும் இடத்தில். எலக்ட்ரானுக்கும் அப்படியே. குளத்தில் அது இயங்குவதற்கு எண்ணற்ற அலைவழிகள் உண்டு. மூன்று நானோமீட்டர் கம்பிக்குள் நுழைய ஓரிரு வழிகளே உண்டு. சிலிக்கானில் ஒரு சலுகை இருக்கிறது. அதன் ஆற்றல் பட்டையில் ஆறு பள்ளத்தாக்குகள். கம்பி படிகத்தின் கனசதுர அச்சின் திசையில் இருந்தால் அவற்றில் நான்கு ஒன்றாகக் கீழே வந்து, நான்கு வழிகளாகத் திறக்கும். 12,906-ஐ நான்கால் வகுத்தால் சுமார் 3,200 ஓம். குறையே இல்லாத, மோதலே இல்லாத நம் கம்பிக்கு இயற்கை விதித்த குறைந்தபட்சத் தடை இது, மேல் வழிகள் திறக்காதவரை.

4. வாசற்படியில் முடியும் கணக்கு

1994-இல் ஜப்பானின் கென்ஜி நட்டோரி, மோதலற்ற டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்துக்கு எளிய கோட்பாடு ஒன்றைத் தந்தார். சோர்ஸுக்கும் சேனலுக்கும் இடையே ஆற்றல் மேடு ஒன்று இருக்கிறது. அதன் உச்சியில் எத்தனை எலக்ட்ரான்கள் நிற்கின்றன, என்ன வேகத்தில் முன்னோக்கிப் போகின்றன என்று தெரிந்தால் போதும், மின்னோட்டம் வந்துவிடும். உச்சிக்கு அப்பால் சேனல் எப்படி வளைந்தாலும் கவலையில்லை.

மோதல் இருந்தால்? பர்டூ பல்கலைக்கழகத்தின் மார்க் லண்ட்ஸ்ட்ராம் 1997-இல் இதற்கு அழகான விடை சொன்னார். உச்சியைத் தாண்டிய எலக்ட்ரான் சரிவில் இறங்குகிறது. சற்றுத் தூரம் இறங்கிய பிறகு மோதித் திரும்பினால், உச்சியை மீண்டும் ஏற அதனிடம் ஆற்றல் இருக்காது. திரும்பி சோர்ஸுக்குப் போய் மின்னோட்டத்தைக் குறைக்க வல்லவை, உச்சியிலிருந்து சுமார் 26 மில்லி எலக்ட்ரான்வோல்ட் இறங்குவதற்குள் மோதுபவையே. சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் இடையே 0.7 வோல்ட் கொடுத்தால் மொத்தச் சரிவு 700. அதில் முதல் 26. நம் கம்பியில் அது ஓரிரு நானோமீட்டர் நீளம். மற்ற இடங்களில் எவ்வளவு மோதினாலும் திறந்த நிலை மின்னோட்டத்தில் பெரிய மாற்றம் வராது.

தாளும் பென்சிலும் கொண்டு போடக்கூடிய கணக்கு இது. உச்சியில் நம் பத்து எலக்ட்ரான்களின் அடர்த்தி, வேகம் நொடிக்கு ஒரு லட்சம் மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் 16 மைக்ரோஆம்பியர் வருகிறது. பல லட்சம் மணிநேரக் கணினி உழைப்பு தரும் விடையும் இதே அளவுப் படியில்தான் நிற்கும். என் மாணவர்களிடம் முதலில் இந்தக் கணக்கைப் போடச் சொல்வேன். இது தெரியாமல் பெரிய மென்பொருளை ஓட்டுபவருக்கு, அது தரும் விடை தவறாக இருந்தால் தெரியாது.

5. முடிவிலாக் கம்பியை ஒரு சிறு அணியில் அடைப்பது

எளிய கணக்கு எதைத் தராது? மேட்டின் ஊடாகவே புகுந்து போகும் குவாண்டம் ஊடுருவலைத் தராது. கேட் நீளம் பத்து நானோமீட்டருக்கு வெகுவாகக் கீழே போகும்போது, மூடிய நிலையிலும் எலக்ட்ரான் மேட்டைத் துளைத்துக்கொண்டு போகும். முன்பு சொன்ன 60 மில்லிவோல்ட் கணக்கு உடைவது அங்கே. கேட்டின் புலம் கம்பிக்குள் எப்படிப் பரவுகிறது என்பதையும் எளிய கணக்கு தராது. அதற்கெல்லாம் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டையே தீர்க்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். பாடநூலில் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைப் பெட்டிக்குள் தீர்க்கிறோம். அலை சுவரில் மோதி நிற்கும், ஆற்றல் மட்டங்கள் கிடைக்கும். பெட்டிக்குள் மின்னோட்டம் கிடையாது. டிரான்சிஸ்டர் இரு பக்கமும் திறந்த பெட்டி. ஒரு பக்கம் எலக்ட்ரான் நுழைகிறது, மறுபக்கம் வெளியேறுகிறது, இரு பக்கமும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருக்கின்றன. முடிவில்லாமல் நீளும் இரு முனைகளையும் சேர்த்தால், சமன்பாட்டைக் கணினிக்காக எழுதும் அணியின் அளவும் முடிவில்லாததாகிவிடும்.

இதற்கான கருவி 1960-களிலேயே இருந்தது. அமெரிக்காவில் கடனாஃப், பேம் ஆகியோரும் மாஸ்கோவில் கெல்டிஷும் தனித்தனியே உருவாக்கிய சமநிலையற்ற கிரீன் சார்பு முறை அது. கனமான பலதுகள் கோட்பாட்டு மொழியில் இருந்ததால் பொறியாளர் யாரும் அதைத் தொடவில்லை. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து 1981-இல் பர்டூவில் சேர்ந்த சுப்ரியோ தத்தா, அதைச் சாதாரண அணிக் கணிதமாக ஆக்கிக் கொடுத்தார். 1995-இலும் 2005-இலும் வெளிவந்த அவருடைய நூல்களைப் படித்துத்தான் என் தலைமுறையினர் பலர் இத்துறைக்குள் வந்தோம்.

அவர் காட்டிய வழியின் உயிர் இது: முனையை முழுவதுமாகக் கணக்கில் வைத்திருக்கத் தேவையில்லை. முனை, கம்பியின் கடைசி அணுவடுக்கின் மேல் என்ன விளைவை உண்டாக்குகிறதோ அதை மட்டும் ஒரு சிறு அணியாகச் சேர்த்தால் போதும். அதற்குத் தன்னாற்றல் என்று பெயர். அந்த அணியில் ஒரு கற்பனைப் பகுதி இருக்கும். எலக்ட்ரான் கம்பிக்குள் எவ்வளவு நேரம் தங்கி வெளியேறும் என்பதை அது சொல்கிறது. பெட்டியின் சுவர் திறந்துகொள்வது கணிதத்தில் இப்படித்தான் தெரிகிறது.

அந்தத் தன்னாற்றலை எப்படிக் கணிப்பது? 1985-இல் லோபெஸ் சாஞ்சோவும் துணைவர்களும் ஒரு தந்திரம் சொன்னார்கள். முனையை அடுக்கடுக்காகக் கூட்டாமல், ஒவ்வொரு சுற்றிலும் அதன் நீளத்தை இரட்டிப்பாக்குவது. 20 சுற்றுகள் போனால் பத்து லட்சத்துக்கு மேல் அடுக்குகள். சிலிக்கானில் ஓர் அடுக்கு 0.543 நானோமீட்டர் என்றால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும் முனை. முப்பது நானோமீட்டர்க் கம்பிக்கு அது முடிவிலிதான்.

இனிக் கம்பி. முப்பது நானோமீட்டரில் 55 அடுக்குகள், அடுக்குக்கு 190 அணுக்களுக்கு மேல். மொத்தம் சுமார் 10,600 அணுக்கள். ஒவ்வோர் அணுவுக்கும் ஓர் எஸ், மூன்று பி, ஐந்து டி, கூடுதலாக ஓர் எஸ் என்று பத்து ஆர்பிட்டால்கள். அணியின் வரிசைகள் லட்சத்தைத் தாண்டுகின்றன. முழு அணியையும் நினைவகத்தில் வைத்தால் 180 ஜிகாபைட். அப்படி யாரும் செய்வதில்லை. ஓர் அடுக்கு அடுத்த அடுக்கை மட்டுமே தொடுகிறது என்பதால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடுக்கு அடுக்காகத் தீர்த்துக்கொண்டே போகலாம். உழைப்பு 55-இன் வர்க்கமாக, அதாவது ஏறக்குறைய மூவாயிரம் மடங்கு குறைகிறது. ஆனாலும் இந்த ஓட்டம் ஓர் ஆற்றலுக்கு மட்டும். நூற்றுக்கணக்கான ஆற்றல்களுக்கு இதைச் செய்து எலக்ட்ரான் அடர்த்தியைக் கூட்ட வேண்டும். அந்த அடர்த்தியைப் பாய்சான் சமன்பாட்டில் போட்டால் மின்னழுத்தம் மாறும். மாறிய மின்னழுத்தத்தில் மறுபடியும் முதலிலிருந்து. இரண்டும் ஒத்துப்போகும்வரை சுற்று தொடரும். இத்தனையும் முடிந்தால் மின்னோட்ட வரைபடத்தில் ஒரு புள்ளி.

6. அணுக்களை எண்ண வேண்டுமா

சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். எலக்ட்ரானுக்குப் பயனுறு நிறை ஒன்றைக் கொடுத்து, அணுக்களை மறந்துவிடுவது எளிய வழி. கம்பி மெலிந்தால் நெருக்கத்தால் பட்டையின் வடிவமே மாறுகிறது, நிறையும் மாறுகிறது. 2005-இல் பர்டூவில் ஜிங் வாங் குழுவினர் இரண்டு வழிகளையும் ஒப்பிட்டார்கள். பருமனான சிலிக்கானின் நிறையை அப்படியே பயன்படுத்தினால், அகலம் ஐந்து நானோமீட்டருக்குக் கீழே மின்னோட்டத்தையும், மூன்றுக்குக் கீழே தொடக்க மின்னழுத்தத்தையும் மிகைப்படுத்துகிறோம் என்று கண்டார்கள். அந்தக் கட்டுரையின் பின்பாதியைப் பலர் மேற்கோள் காட்டுவதில்லை. இரண்டே இரண்டு அளவுகளைத் திருத்திக்கொண்டால் எளிய வழியே 1.36 நானோமீட்டர் அகலம் வரைக்கும் அணுக்கணக்கோடு ஒத்துப்போகிறது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அணுக்கணக்கை ஒருமுறை போட்டு நிறையைத் தெரிந்துகொண்டு, பிறகு எளிய வழியில் ஓடலாம் என்பது என் கட்சி. எல்லாக் கேள்விக்கும் பத்து ஆர்பிட்டாலைக் கட்டி இழுப்பது வீண் செலவு.

7. மோதலும் ஒரு முனைதான்

சிலிக்கான் அணுக்கள் அதிர்கின்றன. அந்த அதிர்வு, அதாவது ஃபோனான், எலக்ட்ரானை இடறிவிடும். கம்பியின் மேற்பரப்பு அணுவளவில் கரடுமுரடாக இருப்பதும் இடறும். இதைக் கணக்கில் சேர்க்க 2004-இல் வாங், பொலிட்ஸி, லண்ட்ஸ்ட்ராம் ஆகியோர் நானோகம்பிக்குப் பயன்படுத்தியது பியூட்டிகரின் பழைய யோசனை. சேனலின் நடுவே கற்பனை முனைகளைச் செருகுங்கள். எலக்ட்ரான் அதில் நுழையும், தான் எங்கிருந்து வந்தது என்பதை மறக்கும், வேறு திசையில் வெளிவரும். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமாக இருந்தால் போதும், மோதல் நடந்ததாகக் கொள்ளலாம். கம்பியின் உடலில் நிகழும் ஒன்றைச் சொல்லவும் முனை என்ற கருத்துதான் கைகொடுத்தது. முறையான கிரீன் சார்புக் கணக்கிலும் ஃபோனான் ஒரு தன்னாற்றலாகவே வருகிறது. சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் எழுதிய அதே வடிவம். ஒரு வேறுபாடு: அதன் மதிப்பு எலக்ட்ரான் அடர்த்தியையே சார்ந்திருப்பதால், திரும்பத் திரும்பக் கணித்து ஒத்துப்போகச் செய்ய வேண்டும்.

இதற்குக் கொடுக்கும் விலை பெரிது. மோதல் இல்லாதபோது ஒவ்வோர் ஆற்றலையும் தனித்தனிக் கணினிக்குப் பங்கிட்டுவிடலாம். அவை ஒன்றோடொன்று பேச வேண்டியதில்லை. ஃபோனான் வந்தால் ஓர் ஆற்றலில் இருக்கும் எலக்ட்ரான் வேறோர் ஆற்றலுக்குத் தாவுகிறது. எல்லாக் கணினிகளும் எல்லாக் கணினிகளோடும் பேசத் தொடங்கும். சூரிக்கின் ஈடிஹெச் குழுவினர், மத்தியூ லூயிசியே முன்பு உருவாக்கிய ஓமென் மென்பொருளின் தரவுப் போக்கைத் திருத்தி எழுதி, பத்தாயிரம் அணுக்கள் அளவிலான டிரான்சிஸ்டர் துண்டுக்கு எலக்ட்ரானையும் வெப்பத்தையும் சேர்த்தே கணித்தார்கள். அமெரிக்காவின் சம்மிட் மீக்கணினியில் 85 பீட்டாஃப்ளாப்ஸுக்கு மேல் வேகத்தை எட்டிய அந்த வேலைக்கு 2019-இல் கார்டன் பெல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற துண்டின் அணு எண்ணிக்கையும் நம் கம்பியினுடையதும் கிட்டத்தட்ட ஒன்று என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வெப்பம் எங்கே வெளிப்படுகிறது என்பதற்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. டிரெயினுக்குள் விழும் எலக்ட்ரானிடம் 0.7 எலக்ட்ரான்வோல்ட் மிகுதியாக இருக்கிறது. சிலிக்கானின் ஒளியியல் ஃபோனான் ஒன்று எடுத்துக்கொள்வது சுமார் 0.06. ஆக ஒரு டஜன் ஃபோனான்களை வெளியிட்டால்தான் அது அமைதியாகும். பைக்கோசெகண்டின் பத்தில் ஒரு பங்கில் சேனலைத் தாண்டிவிடும் எலக்ட்ரானுக்கு அதற்கு உள்ளே நேரமில்லை. பெரும்பகுதியைச் சேனலுக்கு அப்பால் டிரெயினில்தான் கொட்டுகிறது. 16 மைக்ரோஆம்பியரும் 0.7 வோல்ட்டும் பெருக்கினால் 11 மைக்ரோவாட். கேட்க அற்பம். அது சில நூறு கன நானோமீட்டருக்குள் வெளிப்படுகிறது. மெல்லிய கம்பியில் வெப்பம் வெளியேறும் வழியும் குறுகியது என்பது 2008-இல் வெளியான அளவீடுகளிலிருந்து தெரியும். கரடுமுரடான சிலிக்கான் நானோகம்பியின் வெப்பக் கடத்துத்திறன் பருமனான சிலிக்கானுடையதில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது.

8. முனை என்று நாம் வரைந்தது உண்மையில் என்ன

இதுவரை சொன்ன கணக்குகள் எல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. முனை என்பது பெரிய, சலனமற்ற, வெப்பச் சமநிலையில் இருக்கும் எலக்ட்ரான் குளம். எவ்வளவு எடுத்தாலும் குறையாது, எவ்வளவு கொட்டினாலும் கலங்காது. உண்மையான கம்பியில் அப்படிப்பட்ட முனை எங்கே இருக்கிறது?

சோர்ஸ் பகுதியில் எலக்ட்ரானைத் தருவதற்காகப் பாஸ்பரஸ் போன்ற அணுக்களை மாசூட்டுகிறோம். கன சென்டிமீட்டருக்கு பத்தின் இருபதாம் அடுக்கு என்பது மிகக் கனத்த மாசூட்டல். நம் கம்பியின் பத்து நானோமீட்டர் சோர்ஸில் அதன் பொருள் ஏழு அணுக்கள். ஒரு டிரான்சிஸ்டரில் ஏழு, அடுத்ததில் ஐந்து, இன்னொன்றில் ஒன்பது. அவற்றில் ஒன்று கேட்டின் ஓரத்தை ஒட்டி உட்கார்ந்துவிட்டால் மேட்டின் உயரமே மாறும். கிளாஸ்கோவில் அசென் அசெனோவ் குழுவினர் பல ஆண்டுகளாகச் செய்துவருவது இந்தக் கணக்குதான். ஒரே வரைபடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர்கள் மாசு அணுக்கள் எங்கெங்கே அமர்கின்றன என்பதைப் பொறுத்து எவ்வளவு வேறுபடும் என்று, ஒன்றொன்றாக மாற்றி வைத்துக் கணிக்கிறார்கள். அயர்லாந்தின் கார்க் நகரில் ழான்-பியேர் கோலிஞ்ச் குழுவினர் 2010-இல் வேறு பக்கம் போனார்கள். முனைக்கும் சேனலுக்கும் இடையிலான மாசூட்டல் எல்லையையே எடுத்துவிட்டு, கம்பி முழுவதையும் ஒரே சீராக மாசூட்டினார்கள். கம்பி மெலிதாக இருப்பதால் கேட்டால் அதை முழுவதும் வெறுமையாக்கி மூட முடிந்தது. எல்லையைக் கூர்மையாக அமைக்கும் தொல்லை ஒழிந்தது.

அதற்கும் அப்பால் உலோகம் இருக்கிறது. உலோகமும் சிலிக்கானும் தொடும் இடத்தின் தடைக்குத் தொழில்துறை வைத்திருக்கும் இலக்கு, தொடும் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டராக இருந்தால் நூறு கோடியில் ஒரு பங்கு ஓம் என்ற அளவில் இருக்கிறது. கம்பியின் முகப்பு ஏழு சதுர நானோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: 14,000 ஓம். ஒரு முனைக்கு. சேனலுக்கு இயற்கை விதித்தது 3,200 என்று பார்த்தோம். இதனால்தான் தொழிற்சாலையில் சோர்ஸையும் டிரெயினையும் கம்பிக்கு வெளியே பருமனாக வளர்க்கிறார்கள். தொடும் பரப்பு இருபதுக்கு இருபது நானோமீட்டர் ஆனால் தடை 250 ஓமாக இறங்கிவிடும். ஆனால் பருமனாக்க இடம் வேண்டும். கேட்டுக்கும் அடுத்த கேட்டுக்கும் இடையே ஐம்பது நானோமீட்டரைச் சுற்றித்தான் இருக்கிறது. உலோகமும் சிலிக்கானும் சேரும் இடத்தை அணுவணுவாகக் கணிக்கும் வேலைதான் இன்று எனக்கு இத்துறையில் மிகவும் ஆவலூட்டுவது. அங்கே சிலிக்கானுக்குப் பொருத்தி வைத்த ஆர்பிட்டால் அளவுகள் உதவாது. முதல் கோட்பாடுகளிலிருந்து தொடங்க வேண்டும், செலவும் பலமடங்கு.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்லி முடிக்கிறேன். பர்டூ நடத்தும் நானோஹப் தளத்தில் நானோகம்பியை இலவசமாகக் கணிக்கும் கருவிகள் இருக்கின்றன. உலாவியிலேயே ஓடும், மீக்கணினி வேண்டாம். மூன்று நானோமீட்டர்க் கம்பிக்கு மோதலற்ற மின்னோட்டத்தைக் கணியுங்கள். பிறகு இரு முனைகளிலும் 14,000 ஓம் தொடராக இருப்பதாக வைத்து, கையால் கழித்துப் பாருங்கள். 16 மைக்ரோஆம்பியர் ஓடினால் ஒரு முனையில் 224 மில்லிவோல்ட் போய்விடும். இரண்டுக்கும் 448. கொடுத்த 700-இல் கம்பிக்குக் கிடைப்பது 252. சோர்ஸ் பக்கம் இழந்த 224, கேட்டின் மின்னழுத்தத்திலிருந்தும் கழியும். அதனால் 16 என்ற எண்ணே நிற்காது, மறுபடியும் கணிக்க வேண்டும். எந்த எண்ணில் போய் நிற்கிறது என்பதை 14,000-க்கும் 250-க்கும் தனித்தனியே கண்டுபிடித்து, உங்கள் பேராசிரியரிடம் காட்டுங்கள்.